சின்ன ஃபங்ஷனை எங்கிருந்து எடுப்பது: மொழியிலிருந்தா, லைப்ரரியிலிருந்தா, நம் கையாலா?

மாதக் கடைசியில் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பில்லைக் கொண்டுவந்து காட்டினார்கள். 105 ரூபாய் 50 பைசா பொருள், 18 சதவீத ஜிஎஸ்டி. திரையில் வரி 18.99 ரூபாய். அதே பில்லின் பிடிஎஃப்பில் 19.00 ரூபாய். ஒரு பைசாதானே என்று விட முடியாது. மாதத்துக்குப் பல ஆயிரம் பில் போகும் இடத்தில் இது கூட்டுத்தொகையில் வந்து நிற்கும்.

தேடிப் பார்த்தால் ஒரே புராஜெக்ட்டுக்குள் ரவுண்டிங் செய்ய (தொகையை அருகிலுள்ள பைசாவுக்குச் சரிசெய்ய) மூன்று ஃபங்ஷன்கள், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகள், இருந்தன. யூடில்ஸ் ஃபோல்டரில் ஒன்று, ஹெல்பர்ஸ் ஃபோல்டரில் ஒன்று, பிடிஎஃப் தயாரிக்கும் இடத்திலேயே ஒன்று. மூன்றும் வேறு வேறு வருடங்களில், வேறு வேறு ஆட்கள் எழுதியவை. ஒன்று மொத்த 18 சதவீதத்தைக் கணக்கிட்டுக் கடைசியில் ரவுண்ட் செய்தது. இன்னொன்று மத்திய வரி 9 சதவீதம், மாநில வரி 9 சதவீதம் என்று பிரித்து, இரண்டையும் தனித்தனியாக ரவுண்ட் செய்தது. 105.50-க்கு 9 சதவீதம் என்பது 9.495. அதை 9.50 ஆக்கி இரண்டு முறை கூட்டினால் 19.00. தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஃபங்ஷனிலும் தப்பில்லை. மூன்றும் சேர்ந்து ஒரே புராஜெக்ட்டில் இருந்ததுதான் தப்பு.

அந்த இரண்டு நாள் தேடலுக்குப் பிறகு, 'ஒரு சின்ன ஹெல்பர் தேவை' என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் நின்று யோசிக்கிறேன். ஐந்து வரியில் முடியும் விஷயம் என்பதால் யாரும் அதைப் பற்றிக் கலந்து பேசுவதில்லை. டேட்டாபேஸ் எது என்று ஒரு வாரம் பேசுவோம். தேதியை எப்படிக் காட்டுவது என்பதை யாரோ ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுதி மெர்ஜ் செய்துவிடுவார். ஆனால் அந்த ஃபங்ஷன்தான் எண்பது இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நான் தினமும் வேலை செய்வது ஜாவாஸ்கிரிப்ட்டில். அதனால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும். வழிகள் என்று பார்த்தால் மொழியே தருவதை எடுப்பது, லைப்ரரி (பிறர் எழுதி வெளியிட்ட நிரல் தொகுப்பு) சேர்ப்பது, நாமே எழுதுவது, எங்கிருந்தாவது காப்பி செய்வது, நிறுவனத்துக்குள் ஒரு பொதுப் பேக்கேஜ் வைப்பது என்று ஐந்து இருக்கின்றன. இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. நான் கேட்பது வேறு கேள்வி: இந்த ஃபங்ஷனின் எட்ஜ் கேஸ்கள், அதாவது அபூர்வமாக வந்து சிக்கல் தரும் சூழல்கள், யாருக்குத் தெரியும்? நம் வியாபாரத்தின் விதி என்றால் அது நமக்குத்தான் தெரியும். நேரமண்டலம், யூனிகோட் போன்ற உலகத்து விதி என்றால் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். எத்தனை வரி என்பதைவிட இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

மொழியே தருகிறதா என்று முதலில் பாருங்கள்

பத்து வருடத்துக்கு முன் ஜாவாஸ்கிரிப்ட்டில் கையிருப்பு மிகவும் குறைவு. ஒரு எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்ப்பதற்குக்கூட வெளியே போக வேண்டியிருந்தது. இப்போது அப்படியில்லை. முன்னால் நிரப்பும் பேட்ஸ்டார்ட் 2017-இல் மொழிக்குள் வந்தது. அடுக்குகளைத் தட்டையாக்கும் ஃப்ளாட் 2019-இல், கடைசி உறுப்பை எளிதாக எடுக்க உதவும் அட் 2022-இல், வகை பிரித்து அடுக்கும் குரூப்பை 2024-இல் வந்தன. நம் யூடில்ஸ் ஃபோல்டரில் இன்னும் இவற்றின் கைவேலைப் பதிப்புகள் இருக்கும், பழக்கத்தால் அழைத்துக்கொண்டே இருப்போம்.

ஒரு ஆப்ஜெக்ட்டை (பெயரிட்ட புலங்களில் மதிப்புகளை வைத்திருக்கும் தொகுப்பை) முழுதாக நகலெடுக்க, அதை ஜேசான் எழுத்தாக மாற்றித் திரும்பப் படிக்கும் தந்திரம் எல்லோருக்கும் தெரியும். அதில் தேதி வெறும் எழுத்துச்சரமாகிவிடும், மேப் காலியாகிவிடும், மதிப்பு வரையறுக்கப்படாத புலங்கள் காணாமல் போகும். 2022 முதல் எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இருக்கும் ஸ்ட்ரக்சர்ட்குளோன் இவற்றையெல்லாம் ஒழுங்காக நகலெடுக்கிறது. உள்ளே ஃபங்ஷன் இருந்தால் பிழை எறியும். சத்தமில்லாமல் தகவலைத் தொலைப்பதைவிடப் பிழை எறிவது எவ்வளவோ மேல்.

லட்சத்துக்குக் கமா போடுவதும் அப்படித்தான். 1234567-ஐ 12,34,567 என்று காட்ட ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) எழுதி வைத்திருக்கும் புராஜெக்ட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மைனஸ் எண் வந்தால், தசமம் வந்தால் அது தடுமாறும். மொழிக்குள்ளேயே இருக்கும் இன்டில் வசதியில் இந்திய வழக்கைக் குறிப்பிட்டால் போதும், சரியாக வந்துவிடும். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. மொழி தந்தால் மொழியிடமே எடுங்கள்.

திருச்செந்தூரை வெட்டிய கதை

தமிழில் எதையாவது காட்டும் எவரும் ஒரு நாள் வந்து மாட்டும் இடம் ஒன்று உண்டு. செய்தித் தலைப்பு நீளமாக இருக்கிறது, குறிப்பிட்ட அளவில் வெட்டி மூன்று புள்ளி வைக்க வேண்டும். ட்ரங்கேட் என்று ஒரு ஃபங்ஷன், இரண்டே வரி. ஆங்கிலத்தில் சோதித்தால் அழகாக வேலை செய்யும்.

'திருச்செந்தூர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் தி, ரு, ச், செ, ந், தூ, ர் என்று ஏழு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணினால் பதினான்கு. மெய்யை ஒன்றாகவும், அதன்மேல் வரும் உயிர்க்குறியையோ புள்ளியையோ இன்னொன்றாகவும் எண்ணுகிறது. பதினொன்றில் வெட்டினால் திரையில் 'திருச்செந்த…' என்று நிற்கும். தூ என்ற எழுத்து பாதியில் அறுபட்டு த ஆகிவிட்டது. ஒன்பதில் வெட்டினால் புள்ளி போய் 'திருச்செந…' ஆகும். படிக்கிறவருக்கு இது எழுத்துப்பிழை. எழுதிய உதவி ஆசிரியரைத்தான் திட்டுவார்கள்.

சரி, லைப்ரரி எடுத்தால் தீருமா? ஜாவாஸ்கிரிப்ட்டில் பலரும் பயன்படுத்தும் லைப்ரரியான லோடாஷிலும் ட்ரங்கேட் இருக்கிறது. லத்தீன் எழுத்தின்மேல் ஒட்டும் குறிகளையும் எமோஜிகளையும் உடைக்காமல் பார்த்துக்கொள்கிறது. தமிழின் உயிர்க்குறிகள் அதன் பட்டியலில் இல்லை. ஆக, நாம் இரண்டு வரியில் எழுதியது செய்த அதே தப்பைத்தான் அதுவும் செய்யும். புகழ்பெற்ற லைப்ரரி என்பதற்காக நம் மொழியில் சோதிக்காமல் விட்டுவிடக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டது இங்கேதான்.

இதற்கு விடை இன்டில் வசதியின் செக்மென்டரில் இருக்கிறது. சொல்லை யூனிகோட் விதிப்படி எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருகிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டதால் இப்போது எல்லா முக்கிய பிரவுசர்களிலும் உண்டு. திருச்செந்தூருக்கு அது ஏழு என்றுதான் சொல்லும். ஆனால் 'லக்ஷ்மி'யைக் கொடுத்தால் க் தனி, ஷ் தனி என்று பிரிக்கும். மூன்றெழுத்தாக எழுதப்படும் பெயரை ல, க், ஷ், மி என்று நான்காக எண்ணும். இரண்டில் வெட்டினால் 'லக்…'. ஸ்ரீயும் இப்படியே இரண்டாகும். இவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது நம் எழுத்து மரபு, அதை நாம்தான் மேலே எழுத வேண்டும். அதனால் இந்த ஒரு ஃபங்ஷனில் மட்டும் நான் இரண்டையும் கலந்தேன். அடியில் மொழி தரும் செக்மென்டர், மேலே க்ஷ, ஸ்ரீ இரண்டையும் ஒட்டவைக்கும் நான்கு வரி. உலகத்து விதி அங்கிருந்து, நம் விதி நம்மிடமிருந்து.

லைப்ரரி தருவதும் கேட்பதும்

லைப்ரரிக்கு எதிராகப் பேசுகிறவர்கள் எல்லோரும் லெஃப்ட்-பேட் கதையைச் சொல்வார்கள். 2016 மார்ச் 22 அன்று, பெயர் தொடர்பான ஒரு தகராறில் அஸர் கோச்சுலு என்பவர், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து தன் பேக்கேஜ்களையெல்லாம் விலக்கிக்கொண்டார். அதில் ஒன்று பதினோரு வரி கொண்ட லெஃப்ட்-பேட். பேபெல் உட்படப் பெரிய பெரிய கருவிகள் அதை நம்பியிருந்ததால் உலகம் முழுக்க பில்டுகள் (நிரலை வெளியிடத் தயாராக்கும் வேலைகள்) உடைந்தன. சில மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திரும்ப வைத்தது, பிறகு விலக்குவதற்கான விதியையும் இறுக்கியது.

அந்தக் கதை பழையது. இன்றைக்கு என்னைக் கவலைப்படுத்துவது 2025 செப்டம்பர் 8-இல் நடந்தது. போலி மின்னஞ்சல் ஒன்றை நம்பிய ஒரு பராமரிப்பாளரின் கணக்கு களவுபோக, சாக், டீபக் உட்படப் பதினெட்டு பேக்கேஜ்களில் கிரிப்டோ பணத்தைத் திசைதிருப்பும் நிரல் செருகப்பட்டது. எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் இறக்கப்படுபவை. அந்தப் பதினெட்டில் இஸ்-அரேயிஷ் என்றொன்றும் இருந்தது. கொடுத்த பொருள் அரே (வரிசைப் பட்டியல்) மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் முழு வேலை. விலக்கிக்கொள்ளப்பட்ட பேக்கேஜ் பில்டை நிறுத்தும், உடனே தெரிந்துவிடும். களவுபோன பேக்கேஜ் எதையும் நிறுத்தாது. நம் பயனரின் பிரவுசரில் சத்தமில்லாமல் ஓடும்.

இதைக் கேட்டதும் 'சரி, எல்லாவற்றையும் நாமே எழுதிவிடலாம்' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்போது 2019-ஐ நினைத்துக்கொள்வேன். லோடாஷில் டிஃபால்ட்ஸ்டீப் என்ற ஃபங்ஷனில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் தகவலில் கன்ஸ்ட்ரக்டர் என்ற பெயரில் ஒரு புலத்தை வைத்து அனுப்பினால், அது எல்லா ஆப்ஜெக்ட்டுகளுக்கும் பொதுவான புரோட்டோடைப்பையே மாற்றிவிடும். ஓரிடத்தில் செலுத்திய மதிப்பு நிரலின் மூலை முடுக்கெல்லாம் தெரியும். 4.17.12 பதிப்பில் அதை அடைத்தார்கள். எச்சரிக்கை உலகம் முழுக்கப் போனது.

அன்றைக்கு நான் வேலை செய்த புராஜெக்ட்டில் லோடாஷ் இல்லை. எங்களுக்குக் கவலையில்லை என்று இருந்தோம். பிறகு ஒரு மாலை, சும்மா பார்ப்போமே என்று ஆப்ஜெக்ட்டுகளை உள்ளடுக்கு வரை இணைக்கும் எங்கள் சொந்த டீப்மெர்ஜைத் திறந்தேன். பதினைந்து வரி, அழகான ரிகர்ஷன், அதே ஓட்டை. புலத்தின் பெயரை எங்கேயும் சோதிக்கவில்லை. லோடாஷின் ஓட்டையை உலகம் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னது. எங்கள் ஓட்டையைச் சொல்ல யாரும் வந்திருக்க மாட்டார்கள். நாமே எழுதியது பாதுகாப்பானது என்ற நினைப்பு அன்றோடு போயிற்று.

லைப்ரரி தருவது இதைத்தான். பல்லாயிரம் பேர் பயன்படுத்தி, தடுக்கி விழுந்து, புகார் சொல்லித் திருத்தப்பட்ட எட்ஜ் கேஸ்கள். டிபவுன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரை அழைக்காமல் கொஞ்சம் பொறுத்து அழைப்பது. பத்து வரியில் எழுதலாம். ஆனால் பக்கத்தை விட்டுப் போனால் ரத்து செய்ய வேண்டும், தொடர்ந்து தட்டிக்கொண்டே இருந்தாலும் அதிகபட்சம் இவ்வளவு நேரத்தில் ஒரு முறை ஓட வேண்டும், சில இடங்களில் முதல் தட்டலுக்கே ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றாக வரும்போது நம் பத்து வரி நாற்பதாகும். லோடாஷில் இவை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் இம்போர்ட் செய்தால் முழு லைப்ரரியும் பயனரின் போனுக்குப் போகாது.

லைப்ரரி கேட்பது தொடர்ந்த கவனத்தை. எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று பதிந்துவைக்கும் லாக் ஃபைலை ரெப்போவில் (நிரல் இருக்கும் இடத்தில்) வையுங்கள், சர்வரில் அதிலிருந்தே நிறுவுங்கள். புதுப் பதிப்பு வந்த அன்றே தாவாமல் சில நாள் பொறுங்கள். செப்டம்பர் சம்பவத்தில் கெட்ட பதிப்புகள் சில மணி நேரத்தில் நீக்கப்பட்டுவிட்டன, பொறுத்தவர்களுக்குப் பாதிப்பே இல்லை. அப்புறம், ஒரே ஒரு வரிக்காக ஒரு பேக்கேஜ் என்பதை நான் ஏற்பதில்லை. ஒற்றைப்படையா என்று பார்க்க என்பிஎம் போக வேண்டியதில்லை.

நாமே எழுத வேண்டியது எது

நிதியாண்டு. ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடியும் இந்திய நிதியாண்டை, '2025-26' என்று பில் எண்ணில் போட வேண்டும். இதற்கு லைப்ரரி தேடாதீர்கள். விதி நம்முடையது, பில் எண் வடிவமும் நம்முடையது. மாதம் ஏப்ரலுக்கு முன்னா பின்னா என்று பார்த்தால் முடிந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஜனவரிதான் பூஜ்யம், ஆகவே ஏப்ரல் மூன்று என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆனால் அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது என்பதில் கை வைக்கும்போது கவனம். ஏப்ரல் 1 அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு ஆர்டர் விழுகிறது. சர்வர் அதை உலக நேரத்தில் பார்க்கிறது. ஐந்தரை மணி நேரம் கழித்தால் மார்ச் 31 இரவு எட்டரை. நம் அழகான ஃபங்ஷன் அதைப் பழைய நிதியாண்டில் போட்டுவிடும். வருடத்தில் ஐந்தரை மணி நேரம் மட்டுமே தெரியும் பிழை. டெவலப்பரின் கணினி இந்திய நேரத்தில் இருப்பதால் அங்கே எந்தச் சோதனையிலும் சிக்காது. விதியை நாம் எழுதலாம், நேரத்தை இந்திய நேரமாக மாற்றுவதை மொழியிடமோ லைப்ரரியிடமோ விட்டுவிட வேண்டும்.

வரி ரவுண்டிங்கும் நாமே எழுத வேண்டியதுதான். மூன்று ஃபங்ஷன்களையும் நீக்கிவிட்டு ஒன்றை எழுதினோம். எழுதும் முன் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து எங்கே ரவுண்ட் செய்வது, எத்தனை முறை செய்வது என்று கேட்டு எழுதி வாங்கினோம். நிரலில் ரூபாயைத் தசமத்தில் வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைத்தோம். காரணம் சின்னதுதான்: கணினியில் 1.005 என்பது உண்மையில் அதைவிட ஒரு துளி குறைவாகத்தான் பதிவாகிறது, டூஃபிக்ஸ்ட் வைத்து இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் 1.00 என்று வரும். எந்த லைப்ரரியாலும் எங்களுக்காக இந்த முடிவை எடுத்திருக்க முடியாது. அந்த ஃபங்ஷனை யூடில்ஸில் வைக்கவில்லை, பில்லிங் ஃபோல்டரில் வைத்தோம். முதல் டெஸ்ட் 105.50 ரூபாய்.

இடத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. யூடில்ஸ், காமன், ஹெல்பர்ஸ் என்ற பெயர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று எதையும் சொல்வதில்லை. அதனால் ஏற்கெனவே இருப்பதை யாரும் கண்டுபிடிப்பதில்லை, இன்னொன்றை எழுதிவிடுகிறார்கள். எங்கள் மூன்று ரவுண்டிங் ஃபங்ஷன்களும் அப்படி வந்தவைதான். தேதி, பணம், தமிழ் எழுத்து என்று பொருளின் பெயரில் ஃபைல் இருந்தால் புதிதாகச் சேர்ந்தவரும் அங்கேதான் போய்ப் பார்ப்பார்.

காப்பி செய்வது

இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. நன்றாகப் புரிந்துகொண்டு, எங்கிருந்து எடுத்தது என்று மேலே ஒரு வரி எழுதி, டெஸ்ட்டோடு சேர்த்தால் அது நம் நிரல்தான். நிரல் எழுதுவோரின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்தால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்று அதன் உரிமமே கேட்கிறது.

புரியாமல் எடுப்பதில் என்ன நடக்கும் என்பதற்கு ஆண்ட்ரியாஸ் லுண்ட்பிளாட் சொன்ன விஷயம் நல்ல சான்று. பைட் எண்ணிக்கையை மனிதர் படிக்கும்படி கேபி, எம்பி என்று மாற்றும் ஒரு ஜாவா ஃபங்ஷனை 2010-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுதினார். அங்கிருந்து மிக அதிகமாகக் காப்பி செய்யப்பட்ட ஜாவா நிரல் அதுதான் என்று பின்னாளில் ஓர் ஆய்வில் தெரியவந்தது. 2019-இல் அவரே அதில் பிழை இருக்கிறது என்று எழுதினார். 999,999 பைட்டைக் கொடுத்தால் 1.0 எம்பி என்று காட்டாமல் 1000.0 கேபி என்று காட்டும். அவர் பதிலைத் திருத்தினார். ஆனால் காப்பி செய்தவர்களின் புராஜெக்ட்டுகளுக்குத் திருத்தம் தானாகப் போகாது. லைப்ரரிக்கும் காப்பிக்கும் உள்ள வித்தியாசம் இதில் முழுதாகத் தெரிகிறது.

இப்போது ஏஐ கருவியிடம் கேட்டு வாங்குவதும் இந்த வகைதான். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ஹெல்பர் எழுதித் தருவது அதற்குச் சுலபம். நம் ஃபோல்டரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான்காவது ரவுண்டிங் ஃபங்ஷன் வந்துவிடும்.

நிறுவனத்துக்குள் பொதுப் பேக்கேஜ்

இரண்டு புராஜெக்ட்டுக்காக இதைத் தொடங்க வேண்டாம். பதிப்பு எண், வெளியீடு, 'நீங்கள் மாற்றியதில் எங்கள் பக்கம் உடைந்தது' என்ற அழைப்புகள் என்று இது தனி வேலையாகிவிடும். மூன்று நான்கு அணிகள் ஒரே வரிக் கணக்கைச் செய்கின்றன, அதைப் பார்த்துக்கொள்ளப் பெயர் சொல்லி ஒருவர் இருக்கிறார் என்றால் செய்யலாம். அப்போதும் பில்லிங் பேக்கேஜ் என்று வையுங்கள், காமன் யூடில்ஸ் என்று வேண்டாம்.

தேதி லைப்ரரி மட்டும் தனியாக

பலர் கேட்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். மொமென்ட் என்ற தேதி லைப்ரரியில் ஓடும் பழைய புராஜெக்ட் இருந்தால் பதற வேண்டாம், அது ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக எடுக்க வேண்டாம். 2020 செப்டம்பரில் அதன் குழுவே புதுப் புராஜெக்ட்டுகளுக்கு வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. அதில் என்னைப் பலமுறை கடித்தது ஒரு விஷயம்: கெடு தேதியிலிருந்து மூன்று நாளைக் குறைத்து நினைவூட்டல் தேதி எடுத்தால் கெடு தேதியே மாறிப்போகும். பழைய புராஜெக்ட்டில் குறைக்கும் முன் குளோன் (நகல்) செய்திருக்கிறார்களா என்று ஒரு முறை தேடிப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, நாள் கூட்டல் கழித்தல், வடிவமைத்துக் காட்டுதல் மட்டும் என்றால் டேட்-எஃப்என்எஸ். வேண்டிய ஃபங்ஷனை மட்டும் எடுக்கலாம், கொடுத்த தேதியை மாற்றாது. துபாய் கிளையும் சிங்கப்பூர் கிளையும் ஒரே திரையில் வரும் என்றால் நேரமண்டலத்தை மையமாக வைத்த லக்ஸான் எனக்குப் பிடிக்கும். மொழிக்குள்ளேயே வரும் டெம்போரல் இவை எல்லாவற்றுக்கும் பதிலாகும். 2025 மே மாதம் ஃபயர்ஃபாக்ஸ் அதை முதலில் கொண்டுவந்தது. நான் இப்போது எழுதும் தேதி ஃபைலில் வெளியே தெரியும் ஃபங்ஷன்கள் ஆறுதான், உள்ளே லக்ஸான். டெம்போரல் எங்கள் பயனர்களின் பழைய போன்களுக்கும் வந்து சேரும்போது அந்த ஒரு ஃபைலை மட்டும் மாற்றினால் போதும்.